பழைய மாருதி 800: புதுப்பிக்கும் முன் அடிப்பகுதியைப் பாருங்கள்

திருவனந்தபுரம்: கடந்த 1983 டிசம்பரில் அறிமுகமாகி, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800 கார்களின் பராமரிப்பில், கேரளத் தலைநகர் போன்ற கடலோர நகரங்களில் பெரும் சவாலாக இருப்பது துருவாகும்.

இக்காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின் எளிய அமைப்புடையது, பழுதுநீக்குவதும் எளிது. ஆனால், உப்புக் காற்றும் ஆண்டுக்கு இரு பருவமழைகளும் தகடுகளை அரிக்கின்றன. இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது. உடற்கூடே முழுச் சுமையையும் தாங்குகிறது. எனவே, தரைத்தகடோ சஸ்பென்ஷன் பொருத்தப்பட்ட இடங்களோ அரிக்கப்பட்டால், விபத்தின்போது பயணிகளின் பாதுகாப்பு குறையும். துருவின் மீது பெயிண்ட் அடிப்பது அதை மறைக்குமே தவிர, நீக்காது. அரித்த பகுதியை வெட்டியெடுத்து, புதிய தகட்டை வெல்டிங் செய்வதே தீர்வாகும்.

மழைக்காலத்தில் கால்மிதிகளை அகற்றித் தரையை உலர்த்த வேண்டும். கதவுகளின் அடியிலுள்ள நீர்வடி துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது.

சொந்தப் பயன்பாட்டுக் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின், தகுதிப் பரிசோதனையில் தேறினால் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும். 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் ரூ.10,000-ஆக உயர்த்தியது.

எனவே, கட்டணம் செலுத்தும் முன்பாக, பணிமனையில் காரை உயர்த்தி அடிப்பகுதியைச் சோதிப்பது வீண்செலவைத் தவிர்க்கும்.