வலது பாதத்தின் வேலை

2008 முதல் ஃபார்முலா 1 கார்களில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் தடை செய்யப்பட்டது. எல்லா அணிகளுக்கும் ஒரே வகை மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி என்பதால், மென்பொருளில் அதை ஒளித்துவைப்பதும் கடினமானது. அதுவரை பின்சக்கரம் அளவுமீறிச் சுழன்றால் கணினியே எஞ்சின் விசையைக் குறைத்துவிடும். இனி அது ஓட்டுநரின் வலது பாதத்தின் பொறுப்பு.

இது ஏன் கடினம்? டயர் சற்றே வழுக்கும்போதுதான் அதன் பிடிமானம் உச்சத்தில் இருக்கும். அந்த எல்லை தாண்டினால் பிடி சரியும். சரியச் சரியச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும். வளைவில் காரைத் தாங்குவதும் முன்னே தள்ளுவதும் அதே பிடிமானம்தான். ஒரே சம்பளத்தில் வாடகையும் மளிகையும் பார்ப்பதைப் போல, ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றொன்றுக்குக் குறையும்.

எனவே ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்கை நேராக்க நேராக்கத்தான் ஆக்சிலரேட்டரை அழுத்துவார்கள். மெதுவான வளைவில் ஒரு கியர் மேலே வைத்தால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை குறையும். பின்புறம் விலகுவதை இருக்கையில் அழுந்திய இடுப்பும் முதுகும் உடனே உணர்கின்றன. அந்த நொடியே கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இந்த உடலறிவுதான் எனக்குப் பெரும் வியப்பு.

மழையில் இது இன்னும் கடுமை. தடை வந்த 2008-இல் சில்வர்ஸ்டோனில் நடந்த மழைப் பந்தயத்தில் ஓட்டுநர் ஹாமில்டன் ஒரு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். அதே பந்தயத்தில் மற்றோர் ஓட்டுநரான மஸ்ஸாவின் கார் ஐந்து முறை சுழன்றது. ஆனாலும் மஸ்ஸா அவ்வாண்டு ஆறு பந்தயங்களை வென்றார், பட்டத்தை ஒரே புள்ளியில் தவறவிட்டார்.