பிரீமேசன் கழகமும் மகளிரும்

பிரீமேசன் கழகம் மகளிரை விலக்கியமைக்குக் காரணம் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம். 1723-இல் இலண்டனில் ஆண்டர்சன் வெளியிட்ட சட்டநூல், உறுப்பினர் உரிமையிற் பிறந்த ஆடவராதல் வேண்டும் என விதித்து, அடிமைகளையும் பெண்டிரையும் அடுத்தடுத்து வைத்து விலக்குகின்றது. இவ்வைப்புமுறையை நோக்குங்கால், விலக்கின் அடிப்படை சடங்கின் மறைபொருளன்று, அக்காலப் பெண்ணின் உரிமையின்மையே எனக் கருதுகின்றோம்.

பிரான்சில் 1882-இல் ஒரு கிளை, தலைமைக் கழகத்தினின்று பிரிந்து, மரியா தெரேம் அம்மையாரைச் சேர்த்துக்கொண்டது. 1893-இல் அவரும் ஜார்ஜ் மார்த்தேனும் இருபாலார்க்கும் பொதுவான கழகம் கண்டனர். 1902-இல் அன்னி பெசண்டு அம்மையார் அதனுட் புகுந்தார். 2010-இல் பிரான்சின் கிராண்டு ஓரியண்டும் தன் கிளைகள் மகளிரைச் சேர்க்க இசைந்தது. இங்கிலாந்தின் ஐக்கியப் பெருங்கழகமோ இன்றும் ஆடவர்க்கே உரியது. பெண்ணின் சட்டநிலை மாறிய பின்னரும் விதி மாறாமையின், காரணம் மறைந்தும் மரபு வாழ்தல் இதனாற் புலனாகும்.