கடலோடு போட்டி போடும் அகழாய்வு



கரீபியக் கடலில் கரியாக்கோ என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. கிரெனடா நாட்டைச் சேர்ந்தது. பரப்பு ஏறத்தாழ 34 சதுர கிலோமீட்டர்தான். அதன் கிழக்குக் கரையில் கிராண்ட் பே என்ற இடத்துக்கு, 2000-களில் பல்கலைக்கழக மாணவர்கள் மண்வெட்டியும் சல்லடையுமாக வந்து இறங்கினார்கள். ஸ்காட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தொல்லியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே அகழாய்வு நடத்தினார்கள். மாணவர்களுக்கு அந்தக் குழியே வகுப்பறை.

சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஓர் ஊர் இருந்தது. தென் அமெரிக்காவிலிருந்து படகேறி வந்தவர்களின் வழிவந்த மக்கள் அதில் வாழ்ந்தார்கள். சுட்ட மண் பானை, சங்கில் செய்த கருவி, தின்றுபோட்ட மீனின் முள் எல்லாம் மண்ணுக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

எடுத்த எடுப்பில் ஆழமாகத் தோண்டிவிடலாமா? கூடவே கூடாது. முதலில் நூல் கட்டி நிலத்தைச் சதுரங்களாகப் பிரிப்பார்கள். பிறகு சிறு கரணையால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டுவார்கள், ஒரு நேரத்தில் சில சென்டிமீட்டர் மட்டும். பொதுவாக மேலே இருப்பது பிந்தியது, கீழே இருப்பது முந்தியது. ஒரு பானை ஓடு எந்தச் சதுரத்தில், எத்தனை ஆழத்தில் கிடந்தது என்று குறித்து வைக்காவிட்டால், அது வெறும் ஓடுதான். அதனிடமிருந்து கதை எதுவும் வராது. அதனால்தான் இப்படி மாணவர்கள் தோண்டிக் கற்கும் களப்பள்ளியில் தோண்டுவதற்கு ஈடாக எழுதும் வேலையும் நடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை சல்லடை வேலை! சுரண்டிய மண்ணைக் கண் சிறிய சல்லடையில் கொட்டி அலசினால், அரிசி அளவு எலும்புத் துண்டுகள் மேலே தங்கும். கிளிமீனின் தொண்டைக்குள் இருக்கும் பல் தகட்டைப் பார்த்திருக்கிறீர்களா? குட்டிக் குட்டிப் பற்கள் வரிசை வரிசையாக நெருங்கியிருக்கும். கிளிமீன் பவளப்பாறை ஓரமாக மேயும் மீன். ஆகவே அந்தத் தகடு குப்பையில் கிடைத்தால், ஊரார் பவளப்பாறைப் பக்கம் மீன் பிடித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். கரியாக்கோ தீவில் கினிப் பன்றியின் எலும்புகள் கிடைத்தன! கினிப் பன்றி கொறிக்கும் விலங்கு. ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் அதை இறைச்சிக்காக வளர்த்தார்கள். தென் அமெரிக்கக் கரையோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அத்தனை தூரத்தை அது நீந்தி வந்திருக்குமா? மனிதர்கள்தாம் படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். படகின் மரம் என்றோ மக்கிப்போனது. அந்தப் பயணத்துக்குச் சாட்சி சொல்ல, சின்னஞ்சிறு எலும்புகள் மிஞ்சியிருக்கின்றன. தங்கப் புதையலைவிட இதைத்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

காலத்தைக் கணிக்க அடுப்புக் கரி உதவும். உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற அணு கொஞ்சம் இருக்கும். மரம் பட்டபின் அது குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும்.

ஆனால் கிராண்ட் பேயில் நிதானமாகத் தோண்டிக்கொண்டிருக்க நேரமில்லை. அலை கரையை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் கரை போய்க்கொண்டிருந்ததாக ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். கடற்கரை மணலை அள்ளுவது அரிப்பை இன்னும் மோசமாக்கும். பழைய ஊரின் அடுக்குகள் கரைச் சரிவில் வெளியே தெரிய, பானை ஓடும் எலும்பும் கடலில் விழுகின்றன. கடல் கொண்டுபோன பிறகு எது எந்த ஆழத்தில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்களும் எங்காவது கிணறு வெட்டும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ பழைய பானை ஓட்டைப் பார்த்தால், உடனே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். அது கிடந்த இடத்தையும் ஆழத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டு, ஓடிப்போய் உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.