டாக்டர் வரும்வரை நெஞ்சில் யார் கை?

1995 பிப்ரவரியில் ஒரு இரவு. லூதியானாவில் ஒரு பெரிய மருத்துவமனையின் தனி வார்டில் இருந்த நோயாளிக்கு மூச்சுத் திணறியது. மகன் டூட்டி நர்ஸிடம் ஓடினார், நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டார். இருபது, இருபத்தைந்து நிமிடம் யாரும் வரவில்லை. டாக்டர்கள் வந்து ஆக்ஸிஜன் வைத்தபோது சிலிண்டர் காலி. மகனே பக்கத்து அறையிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். அதை இயக்க வழியில்லாமல் மேலும் சில நிமிடங்கள் போயின, உயிரும் போயிற்று. இது குடும்பத்தார் கொடுத்த புகார். உச்ச நீதிமன்றம் வரை போன இந்த வழக்கில்தான் 2005 ஆகஸ்டில் ‘ஜேக்கப் மேத்யூ’ தீர்ப்பு வந்தது. சிலிண்டர் இல்லாமல் போனதற்கு மருத்துவமனை சிவில் சட்டப்படி பொறுப்பாகலாம், அதற்காக மேல்முறையீடு செய்த டாக்டர் ஜேக்கப் மேத்யூமீது குற்ற வழக்கு நடத்த முடியாது என்று சொல்லி அவர்மீதான வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது.

டாக்டர்களுக்குக் கிடைத்த கவசமாகவே இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறோம். டாக்டர் வருவதற்கு முந்தைய நிமிடங்களைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. வார்டில் ஒருவருக்கு இதயம் நின்றால் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ். பிழைப்பதும் பிழைக்காததும் அநேகமாக அவர் கையிலேயே முடிவாகிவிடுகிறது. ஆனால் நம் மருத்துவமனைகள் அவரை இன்னும் ‘டாக்டருக்கு போன் போடுகிறவர்’ என்ற இடத்தில்தான் வைத்திருக்கின்றன.

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் வேறுவேறு. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் வலியில் துடிப்பார், பேசுவார், வியர்ப்பார். இதயம் நின்றால் ஆள் தட்டினாலும் அசையமாட்டார், நாடி இருக்காது. மாரடைப்பு இதற்கு ஒரு காரணம் மட்டுமே. ரத்தப்போக்கு, கடும் தொற்று, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது, நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைப்பது என்று வேறு பலவும் உண்டு. நான்கைந்து நிமிடத்துக்கு மேல் ரத்தம் போகாவிட்டால் மூளை கெடத் தொடங்கும்.

இங்கே குடும்பத்தார் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இதயம் நின்ற பிறகும் சிலருக்கு வாய் திறந்து, இடைவெளி விட்டு, கேவுவது போல மூச்சு வரும். ‘மூச்சு இழுத்துக்கிட்டுத்தானே இருக்கு’ என்று கை காலைத் தேய்த்துவிடுவார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது மூச்சே அல்ல. தண்ணீரும் நுரையீரலுக்குத்தான் போகும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, உரக்கக் கத்தி நர்ஸைக் கூப்பிடுவது. வீடு என்றால் 108-ஐ அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குவது.

நர்ஸ் என்ன செய்ய வேண்டும்? தட்டிக் கூப்பிட்டுப் பார்த்து, 10 விநாடிக்குள் கழுத்து நாடியைப் பார்த்து, ‘கோட் புளூ’ (இதயம் நின்றதற்கான அவசர அழைப்பு) கொடுக்கச் சொல்லிவிட்டு அங்கேயே நெஞ்சில் கைவைக்க வேண்டும். போனைத் தேடி நர்ஸ் ஸ்டேஷனுக்கு ஓடக் கூடாது, அந்த வேலையை ஆயாவோ நோயாளியின் உறவினரோ செய்யலாம். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 முறை ஆம்பு பேக்கில் (கையால் அமுக்கிக் காற்றூட்டும் பை) காற்று. மெத்தை அமுங்கினால் ஆழம் கிடைக்காது என்பதால் முதுகுக்குக் கீழே பலகை வேண்டும். கட்டில் உயரமாக இருந்தால் ஏறி நிற்க ஸ்டூல் வேண்டும். இரண்டு நிமிடத்துக்கொரு முறை அழுத்துபவரை மாற்ற வேண்டும். களைத்த கை ஆழமாக அழுத்தாது, ஆனால் அது அழுத்துபவருக்குத் தெரியாது. இதற்கெல்லாம் டாக்டர் உத்தரவு தேவையே இல்லை.

இப்படி அழுத்தும்போது விலா எலும்பு முறிவது சகஜம். ‘நெஞ்சில் ஏறி எலும்பை உடைத்துவிட்டார்கள்’ என்று பின்னால் புகார் வருவதுண்டு. சரியாகச் செய்தாலும் முறியும். முறிந்துவிடுமோ என்று பயந்து மேலோட்டமாகத் தடவுவதால்தான் உயிர் போகிறது.

மூடிய நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கலாம் என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவனும் அவருடைய சகாக்களும் 1960-ல் எழுதினார்கள். அதே பத்தாண்டில் இதய நோயாளிகளுக்கென்று தனி வார்டுகள் பிறந்தன. அவை ஓடியதே நர்ஸுகளால்தான். எப்போதும் படுக்கை அருகே இருப்பவர்கள் அவர்களே என்பதால், ஷாக் கொடுக்கும் பயிற்சியும் அதிகாரமும் அவர்களுக்குத் தரப்பட்டன. இதயம் துடிப்பு தப்பி நடுங்கிக்கொண்டு நிற்கும் வகையில் ஷாக்தான் மருந்து. நெஞ்சை அழுத்தாமல் விட்டால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை சரிகிறது. அறுபது ஆண்டு கழித்து இங்கே பல வார்டுகளில் ‘டாக்டர் வரட்டும்’ என்று மெஷின் ஓரமாக நிற்கிறது. தானே துடிப்பைப் படித்துச் சொல்லும் ஏ.இ.டி. வந்துவிட்ட காலத்தில் இது மன்னிக்கக்கூடியது அல்ல என்பது என் கருத்து. எந்த நிலையில் நர்ஸ் ஷாக் கொடுக்கலாம், அட்ரினலின் 1 மில்லிகிராம் போடலாம் என்று மருத்துவமனை எழுத்துப்பூர்வமாக நிலையாணை (ஸ்டாண்டிங் ஆர்டர்) தர வேண்டும். கோட் புளூ நேரத்தில் டாக்டர் வாயால் சொல்லும் மருந்தை நர்ஸ் உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டே போட வேண்டும், டாக்டர் பின்னர் அதை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

வார்டில் இதயம் பெரும்பாலும் திடீரென்று நிற்பதில்லை. அதற்குச் சில மணி நேரம் முன்பே மூச்சு வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆள் குழம்பிப் பேசுவார். ‘காலையிலிருந்தே என்னவோ மாதிரி இருந்தார், சிஸ்டர்கிட்ட சொன்னோம்’ என்று குடும்பம் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கிறது. கேஸ் ஷீட்டைப் பார்த்தால் மூச்சு எண்ணிக்கை எல்லா நேரமும் 20 என்று ஒரே கையெழுத்தில் ஓடும். ஒரு நிமிடம் நின்று எண்ண நேரமில்லாத வார்டு அது. ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது வார்டில் மூன்று அல்லது ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவு ஷிப்டில் ஒரு வார்டைச் சுற்றி வாருங்கள், அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது எமர்ஜென்சி டிராலி. தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் பேட்டரி இருக்கிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, சிலிண்டரில் அளவு எவ்வளவு, ஷாக் மெஷின் சார்ஜ் ஏறுகிறதா என்று ஷிப்டுக்கு ஒரு முறை பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். குறை இருந்தால் அதையும் எழுதி மேலே அனுப்ப வேண்டும். எழுதிய அந்த வரிதான் நாளை நர்ஸுக்குச் சாட்சி.

சாட்சி ஏன் தேவை? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. சிகிச்சையின்போது அது பதிவு பெற்ற மருத்துவரால் நேர்ந்தால் 2 ஆண்டு வரைதான். மருத்துவர் என்பதற்கு அங்கே உள்ள விளக்கத்தில் மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே அடங்குவார். நர்ஸ் அதில் இல்லை. ஒரே கட்டில், ஒரே நோயாளி, ஒரே தவறு என்றாலும் உத்தரவு போட்டவருக்கு 2, ஊசி போட்டவருக்கு 5. இதைப் பற்றி நர்ஸ் சங்கங்கள் இன்னும் உரக்கப் பேச வேண்டும்.

இன்னொரு கண்ணி, ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று டாக்டரிடமிருந்து போனில் வரும் சொல். முற்றிய புற்றுநோயாளிக்கு நெஞ்சை அழுத்துவது கொடுமையாக இருக்கலாம், உண்மைதான். அதற்கு முறை உண்டு. உயிர்ப்பிக்கும் முயற்சி வேண்டாம் என்ற முடிவை நோயாளியிடமோ குடும்பத்திடமோ பேசி, டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் வழிகாட்டியது. அந்த முடிவு நெஞ்சை அழுத்துவதற்கு மட்டுமே பொருந்தும், வலி மருந்தும் ஆக்ஸிஜனும் பராமரிப்பும் தொடர வேண்டும். தனக்கு இது வேண்டாம் என்று நினைப்பவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று 2018-ல் ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-ல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் நர்ஸ் நெஞ்சில் கை வைத்தே ஆக வேண்டும். குடும்பத்துக்குக் காட்டுவதற்காக ஒப்புக்கு அழுத்துவதைப் போன்ற அவலம் வேறில்லை.

குடும்பத்துக்கு என்ன உரிமை? அவசர நிலையில் வருபவரைப் பணம், போலீஸ் என்று சொல்லித் திருப்பியனுப்பக் கூடாது என்பது 1989-ன் பர்மானந்த் கட்டாரா தீர்ப்பிலிருந்து நிலைத்துவிட்டது. 1996-ல், ரயிலிலிருந்து விழுந்தவரைப் படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் அலைக்கழித்த மேற்கு வங்க வழக்கில், அது வாழும் உரிமையை மீறுவது என்று சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடு தரவைத்தது உச்ச நீதிமன்றம். பில் பாக்கிக்காக உடலைப் பிடித்துவைக்கவும் கூடாது.

மரணம் நேர்ந்துவிட்டால், சந்தேகம் இருந்தால், உடலை எரிப்பதற்கு முன்பே பிரேதப் பரிசோதனை கேளுங்கள். கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவக் கவுன்சில் விதி. அதில் தேட வேண்டியது, மயங்கியது எப்போது கவனிக்கப்பட்டது, நெஞ்சை அழுத்தத் தொடங்கியது எப்போது, முதல் ஷாக் எப்போது என்ற நேரங்கள். டாக்டர் எப்போது வந்தார் என்பதைவிட இவை முக்கியம். வராந்தா கேமராப் பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும் என்பதால் அவற்றைப் பாதுகாக்கவும் அன்றே எழுதிக் கொடுங்கள்.

பணம் கட்டிய மருத்துவமனை என்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டியது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அல்லது ஓராண்டுக்குள் மாநில மனித உரிமைகள் ஆணையம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனையின் வசதிக் குறை பற்றி மாவட்டத்தின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் தரலாம். நர்ஸின் தொழில் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில். நர்ஸை அடித்தால் 2008-ன் தமிழகச் சட்டப்படி நீங்கள்தான் சிறைக்குப் போவீர்கள், உங்கள் புகாரும் அங்கேயே செத்துவிடும்.

இவை எல்லாம் நடந்த பிறகு செய்பவை. அட்மிஷன் போடும்போதே கேட்கக்கூடிய கேள்வியும் உண்டு. ஏ.சி. அறையா, டி.வி. உண்டா என்று விசாரிக்கிறோம். ‘சிஸ்டர், இந்த மாடியில் ஷாக் மெஷின் எங்கே இருக்கிறது, ராத்திரியில் அதைப் போடத் தெரிந்தவர் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் திணறினால் கேள்வியை எழுத்தில் நிர்வாகத்துக்குக் கொடுங்கள், சிஸ்டரிடம் சண்டை வேண்டாம்.