மூன்றே வருடம் நின்ற கோட்டை

ஜப்பானில் ஒரு கோட்டைக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னதும் ஹாஸ்டலில் எல்லோரும் போட்டோ கேட்டார்கள். காட்டினேன். "என்னடா இது, கல் குவாரிக்குப் போயிட்டு வந்திருக்கே?" என்றான் மெக்கானிக்கல் நண்பன் ஒருவன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மலை, மரம், படி, கல். அதற்கு மேல் என் போட்டோக்களில் ஒன்றுமே இல்லை. நண்பர்களே, அந்தக் கல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அக்காவின் பிரசவத்துக்காக அம்மா ஒசாகாவுக்குப் போனபோது, செமஸ்டர் லீவில் நானும் துணைக்குப் போனேன். அத்தானுக்கு அங்கேதான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "மாப்ளே, நீ சிவில் படிக்கிறவன். வா, ஒரு கோட்டை காட்டுறேன்" என்றார். காலண்டரில் வெள்ளை வெளேரென்று வருமே, அந்த ஹிமேஜி கோட்டையாக்கும் என்று நினைத்து, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ரயில் கியோட்டோவைத் தாண்டி, பிவா ஏரிப் பக்கமாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடி, அசுச்சி என்ற சின்ன ஸ்டேஷனில் எங்களை இறக்கிவிட்டது. வாசலில் ஒரு சிலை. ஓடா நொபுனாகா என்றார் அத்தான். அங்கிருந்து வயல்களுக்கு நடுவே அரை மணி நடை. எதிரே 200 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் ஒரு மலை, முழுக்க மரம். "கோட்டை எங்கே அத்தான்?" என்றேன். "அதான்" என்று மலையைக் காட்டினார். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். 15-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து ஜப்பானில் நூறு வருடத்துக்கு மேல் ஓயாத சண்டை. கியோட்டோவில் சக்கரவர்த்தி பெயருக்கு இருந்தார். அவருக்குக் கீழே படைத்தலைவரான ஷோகுனும் பெயருக்குத்தான். ஒவ்வொரு வட்டாரப் பிரபுவும் தனக்கென்று ஒரு கோட்டை வைத்துக்கொண்டார். கோட்டை என்றால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. மலையுச்சியைச் செதுக்கி மேடை மேடையாகச் சமன் செய்வார்கள், குறுக்கே பள்ளம் வெட்டுவார்கள், மரக்கட்டையால் வேலி போடுவார்கள். சண்டை வந்தால் மேலே ஓடுவது, இல்லாவிட்டால் கீழே வீட்டில் இருப்பது. அசுச்சிக்குப் பக்கத்து மலையிலேயே ரொக்கக்கு வம்சத்தாரின் கன்னோன்ஜி என்ற பழைய மலைக்கோட்டை இருந்தது. அங்கே கல் சுவரும் உண்டு. 1568-ல் நொபுனாகா அதைப் பிடித்தார்.

1576-ல் அவரே அசுச்சி மலையில் புதுக் கோட்டை கட்ட ஆரம்பித்தார். மேற்பார்வை, அவருடைய தளபதி நிவா நாகஹிதே. மரவேலைக்குத் தலைமை, ஒகாபே மதாஎமோன் என்ற தச்சர். சுவர் ஓவியம், கானோ எய்தோகு. ஓடு செய்து தர ஒரு சீனர். 1579-ல் மலையுச்சியில் கோபுரம் எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து அடுக்கு, உள்ளே நிலவறையோடு சேர்த்து ஏழு தளம். மேலிருந்து இரண்டாவது தளம் எண்கோணம், சிவப்பு அரக்குப் பூச்சு. உச்சித் தளம் தங்க முலாம். உயரம் 30 மீட்டருக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அதுவரை கோட்டை என்பது ஒளிந்துகொள்ளும் இடம். பத்து மைலுக்கு அப்பாலிருந்து எல்லோரும் பார்க்கட்டும் என்று கட்டியது இதுதான்.

அந்த ஆளுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. 1582 புத்தாண்டன்று கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம் தலைக்கு நூறு காசு வசூலித்தாராம். அதையும் தானே நின்று கையில் வாங்கினாராம்! நாங்களும் அடிவாரத்தில் டிக்கெட் வாங்கித்தான் ஏறினோம். பழக்கம் விடவில்லை என்று சிரித்தார் அத்தான்.

அந்தப் புத்தாண்டு முடிந்து ஆறு மாதம்கூட நொபுனாகா இல்லை. அவர்கள் பழைய கணக்குப்படி ஆறாம் மாதம் 2-ஆம் தேதி, கியோட்டோவில் ஹொன்னோஜி கோவிலில் தங்கியிருந்தபோது, சொந்தத் தளபதி அகெச்சி மித்சுஹிதே சுற்றி வளைக்க, அங்கேயே உயிரை விட்டார். இரண்டு வாரத்துக்குள் அசுச்சிக் கோபுரமும் எரிந்தது. யார் வைத்த தீ? மித்சுஹிதேயின் ஆட்கள் என்கிறார்கள், நொபுனாகாவின் மகனே என்கிறார்கள், கொள்ளையடிக்க வந்தவர்கள் என்கிறார்கள். இன்றுவரை முடிவாகவில்லை. 1579-லிருந்து 1582 வரை என்று எண்ணிப் பாருங்கள். நாம் டிப்ளமா படிக்கிற காலம்தான் அந்தக் கோபுரம் நின்றது. அரியர் வைத்தவன் அதைவிட அதிக நாள் நம் காலேஜில் நிற்கிறான்.

இனி மலைக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து நேராக மேலே போகிறது கல்படிப் பாதை. ஆறு மீட்டர் அகலம், வளையாமல் நூற்றெண்பது மீட்டர். எதிரி வந்தால் தடுக்க வேண்டிய கோட்டைக்கு இப்படி ஒரு ராஜபாட்டை எதற்கு என்று ஆராய்ச்சியாளர்களே தலையைச் சொறிகிறார்கள். மொத்தம் நானூறு படி இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். நம் புத்தகத்து ரைசர், டிரெட் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. பாதி தூரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

படிகளில் சில இடத்தில் ஒரு கல்லுக்கு முன்னால் சின்னப் பலகையும் உண்டியலும் இருந்தன. குனிந்து பார்த்தால், தேய்ந்துபோன புத்தர் உருவம்! அவசரத்தில் சுற்றுவட்டாரத்தில் கிடைத்த கல்லையெல்லாம், கல்லில் செதுக்கிய புத்தரைக்கூட விடாமல், படியாகப் போட்டிருக்கிறார்கள். 1571-ல் ஹியெய் மலையில் இருந்த பெரிய மடத்தையே எரித்த மனிதருக்கு இது பெரிய விஷயமாக இருந்திருக்காது. எனக்கு அந்த இடத்தில் அவர் மேல் இருந்த பிரமிப்பு கொஞ்சம் இறங்கிவிட்டது.

இரண்டு பக்கமும் கல் சுவர். இங்கேதான் எனக்கு உண்மையான ஆச்சரியம். சாந்து கிடையாது. சுண்ணாம்பு கிடையாது. நாம் டிரை ரப்பிள் மேசன்ரி என்று ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறக்கிறோமே, அதுவேதான். கல்லைச் செதுக்கி மட்டம் பண்ணுவதில்லை. கிடைத்த உருவத்திலேயே பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். வெளியே தெரிவது கல்லின் குட்டைப் பக்கம். நீளப் பக்கம் மண்ணுக்குள் போகிறது. ஒரு கல் இன்னொரு கல்லில் உட்காருவது முகப்பில் அல்ல, சற்று உள்ளே தள்ளி. முகப்பு விளிம்பிலேயே பாரம் விழுந்தால் விளிம்பு உடையும் இல்லையா? அதனால் அப்படி. முகப்புக் கல்லுக்குப் பின்னால் கூடை கூடையாகச் சின்னக் கல் நிரப்பு. மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கி, இடுக்குகளில் வெளியே வந்துவிடும். பின்னால் தண்ணீர் தேங்கினால்தானே சுவரைத் தள்ளும்? மொத்தச் சுவருமே வீப் ஹோல். ரீடெய்னிங் வால் படத்தில் வீப் ஹோல் போட மறந்து மூன்று மார்க்கை விட்ட நான், அந்தச் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் தலைகுனிந்துதான் நின்றேன். நிலநடுக்கம் வந்தால் கற்கள் லேசாக அசைந்து மறுபடி உட்காரும். விறைப்பாக நின்று வெடிக்காது.

இதைச் செய்தவர்கள் ஏரியின் மறுகரையில், ஹியெய் மலையடிவாரத்தில் இருந்த அனோ என்ற ஊர்க் கல்வேலைக்காரர்கள் என்பது பரம்பரைப் பேச்சு. முழுக்க அவர்களேதானா என்று கேட்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஆனால் அந்தத் தொழில் இன்னும் சாகவில்லை. 2005-ல் ஒரு புது எக்ஸ்பிரஸ் சாலைக்காக, அனோ முறைச் சுவரையும் கான்கிரீட் சுவரையும் பக்கத்தில் வைத்துப் பாரம் ஏற்றிச் சோதித்தார்கள். முதலில் விரிசல் விட்டது கான்கிரீட்! கல் சுவர் இருநூறு டன்னுக்கு மேல் தாங்கியது. அப்புறம் அந்தச் சாலையில் அந்த முறையிலேயே சுவர் கட்டினார்கள்.

கல்லைப் புகழ்கிறபோது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மலைக்கு 'பாம்புக் கல்' என்று ஒரு ராட்சதப் பாறையை ஏற்றினார்கள். பத்தாயிரம் பேர் மூன்று பகல் மூன்று இரவு இழுத்தார்கள் என்று நொபுனாகாவின் வரலாற்றை எழுதியவர் பெருமையாகக் குறித்திருக்கிறார். அப்போது ஜப்பானில் இருந்த லூயிஸ் ஃப்ரோயிஸ் என்ற போர்ச்சுகல் பாதிரியார், ஒரு கல் வழியில் சறுக்கியதையும், அதன் அடியில் நூற்றைம்பது பேருக்கு மேல் நசுங்கியதையும் எழுதியிருக்கிறார். தளபதி பெயர் இருக்கிறது, தச்சர் பெயர் இருக்கிறது, ஓவியர் பெயர் இருக்கிறது. அந்த நூற்றைம்பது பேரில் ஒருத்தர் பெயரும் இல்லை. அந்தப் பாம்புக் கல்லும் இதுவரை அகப்படவில்லை. மலைக்குள் எங்கோ புதைந்து கிடக்கிறது என்கிறார்கள்.

உச்சியில் கோபுரம் நின்ற இடம் ஒரு கல் தொட்டி மாதிரி இருக்கிறது. அது நிலவறை. 1940-ல் தோண்டியபோது தரையில் வரிசை வரிசையாகத் தூண் தாங்கும் அஸ்திவாரக் கற்கள் கிடைத்தன. ஒன்றுக்கொன்று 1.2 மீட்டர். நான் அடி வைத்து அளந்தே பார்த்தேன், சரியாக வந்தது. ஆனால் நட்ட நடுவில், கல் இருக்க வேண்டிய இடத்தில், கல் இல்லை. வெறும் குழி. நைத்தோ அகிரா என்ற கட்டடக்கலைப் பேராசிரியர், கோபுரத்தின் நடுவே பல தளம் உயரத்துக்குத் திறந்தவெளி இருந்தது, அடியில் ஒரு சின்ன ஸ்தூபி நின்றது என்று 1970-களில் வரைபடம் போட்டார். மற்றவர்கள், அதெல்லாம் இல்லை, மண்ணிலேயே நட்ட ஒரு தூண்தான் என்றார்கள். ஒரு கல் குறைந்ததற்கு இத்தனை வருடச் சண்டை!

சண்டையைத் தீர்த்திருக்கக்கூடிய ஒரு படமும் இருந்தது. கோட்டையை அப்படியே வரைந்த மடிப்புத் திரை ஒன்றை நொபுனாகா வலிஞானோ என்ற பாதிரியாருக்குக் கொடுத்தார். ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட நாலு ஜப்பானியச் சிறுவர்களோடு அது நம் கொச்சி, கோவா வழியாகக் கப்பலில் போய், 1585-ல் ரோமில் போப்பாண்டவர் கைக்குச் சேர்ந்தது. அதற்குப் பின் காணோம். இன்றும் தேடுகிறார்கள்.

இறங்கி வந்து, ஊரில் இருக்கும் மியூசியத்துக்கும் போனோம். 1992-ல் ஸ்பெயினில் செவில் உலகக் கண்காட்சிக்காக நைத்தோவின் வரைபடப்படி செய்த மேல் இரண்டு தளமும் அங்கே நிற்கிறது. சிவப்பும் தங்கமும் கண்ணைப் பறிக்கிறது. அத்தானுக்கு அதுதான் பிடித்தது. "இதை மலைமேலேயே முழுசாக் கட்டிப்புடலாம்ல? கூட்டம் அள்ளும்" என்றார். "எந்த வரைபடத்தை வெச்சுக் கட்டுறது அத்தான்? நடுவில இருக்கிற குழிக்கே பதில் தெரியலையே" என்றேன். ரயில் வரும்வரை விவாதம் ஓயவில்லை. ஷிகா மாகாண அரசும் இதை யோசித்து, கட்டடம் எழுப்பாமல் கணினிப் படமாகக் காட்டும் வழியைத்தான் எடுத்திருக்கிறது. 2023-ல் உச்சியில் மறுபடி தோண்ட ஆரம்பித்தார்கள். கோபுர மேடையின் சுவர் தானாக விழவில்லை, வேண்டுமென்றே இடித்த அடையாளம் இருக்கிறது என்று தெரியவந்தது. மேலே கட்டியிருந்தால் இது தெரிந்திருக்குமா என்பது என் கட்சி. அத்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா போனை வாங்கி ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்தாள். படியில் கிடந்த புத்தர் படம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஏம்ல, இது சாமியில்லா? மிதிச்சுக்கிட்டா போனே?"

"இல்லம்மா, தாண்டித்தான் போனேன்."

"தாண்டவும் கூடாதுல" என்றாள்.