திணிவும் ஒழுக்கும்: ஒரு தமிழாசிரியனின் திருத்தம்

நான் தமிழ் படிப்பிப்பவன். பௌதிகவியல் எனக்குரிய பாடமல்ல. இருந்தும் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்ததற்கு நான் விட்ட ஒரு பிழைதான் காரணம்.

சில வருடங்களுக்கு முன் பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடமிருந்த விஞ்ஞான நூலொன்றை இரவலாகக் கேட்டாள். தமிழ்நாட்டில் வெளிவந்த நூல். வாசிக்கிற பிள்ளை என்ற சந்தோசத்தில் கொடுத்தேன். அடுத்து வந்த தவணைப் பரீட்சையில், “ஒரு பொருளைச் சந்திரனுக்குக் கொண்டுபோனால் அதன் நிறை மாறாது, எடைதான் மாறும்” என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டிருந்தது. தாளைக் கொண்டுவந்து, “சேர், நீங்க தந்த புத்தகத்தில அப்பிடித்தானே இரிக்கி” என்றாள்.

“நிறை, எடை, திணிவு எல்லாம் ஒண்டுதான் புள்ள, சொல்லுதான் வேற” என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். அது முழுப்பிழை. பிறகு ஆசிரியர் ஓய்வறையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பரிடம் விசயத்தைச் சொன்னபோது அவர் சிரித்தார். “இது ரெண்டும் ஒண்டெண்டு நினைச்சா சந்திரன் ஏன் விழாம சுத்துதெண்டு உங்களுக்கு ஒருகாலமும் விளங்காது” என்றார். அன்று அவர் சொன்னதையும் பின்னர் நான் தேடி வாசித்ததையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஒரு பொருளில் எவ்வளவு சடப்பொருள் இருக்கிறதோ, அதை இலங்கைப் பாடநூல்கள் ‘திணிவு’ என்கின்றன. அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசையை ‘நிறை’ என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ முதலாவது ‘நிறை’, இரண்டாவது ‘எடை’. அதாவது, ஒரே சொல் பாக்குநீரிணையைக் கடக்கும்போது பொருள் மாறிவிடுகிறது. அந்தப் பிள்ளை எழுதியது அங்கே சரி, இங்கே பிழை. வெட்டிய ஆசிரியரையும் குறைசொல்ல ஏலாது.

‘திணிவு’ நல்ல சொல். செறிதல், இறுகுதல் என்ற பொருளில் ‘திணி’ என்ற வினை பழையது. புறநானூற்றின் இரண்டாம் பாடல் நிலத்தைச் சொல்லத் தொடங்குவதே அந்த வினையைக் கொண்டுதான். ‘ஒழுக்கு’ என்பதும் அப்படியே. கோளொன்று செல்லும் பாதையை அவர்கள் ‘சுற்றுப்பாதை’ என்பார்கள், நம் பாடநூல்கள் ‘ஒழுக்கு’ என்கின்றன. நெறி பிசகாமல் செல்லுதல் என்ற கருத்து அதற்குள்ளேயே இருக்கிறது. ஒழுக்கம் என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான்.

இனி விசயத்துக்கு வருவோம். திணிவு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இழுபடுவது. திணிவு கூடிய பொருளை ஈர்ப்பு கூடுதலாக இழுக்கும். மற்றது, முரண்டு பிடிப்பது. திணிவு கூடிய பொருளை அசைப்பதும் கடினம், அசைந்துகொண்டிருந்தால் திருப்புவதும் கடினம். வெறும் மாட்டுவண்டிலைத் தள்ளுவதற்கும் நெல்மூட்டை ஏற்றிய வண்டிலைத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பத்து மடங்கு திணிவுள்ள பொருள் பத்து மடங்கு விசையால் இழுபடுகிறது, பத்து மடங்கு முரண்டும் பிடிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். காற்றுத் தடை இல்லாவிட்டால் பாரமானதும் இலேசானதும் ஒன்றாகவே விழும். 1971ஆம் ஆண்டு அப்பலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட் சந்திரனில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டுக் காட்டினார். காற்றில்லாத அந்தத் தரையில் இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன.

அப்படியானால் சந்திரன் ஏன் விழவில்லை? விழுந்துகொண்டுதான் இருக்கிறது. சந்திரன் பூமியிலிருந்து சராசரியாக 384,400 கிலோமீற்றர் தூரத்தில், செக்கனுக்கு ஏறத்தாழ 1 கிலோமீற்றர் கதியில் பக்கவாட்டில் ஓடுகிறது. ஈர்ப்பு இல்லாவிட்டால் நேர்கோட்டில் போய் மறைந்துவிடும். பக்கவாட்டு ஓட்டம் இல்லாவிட்டால் நேரே நம் தலையில் விழும். இரண்டும் சேர்ந்திருப்பதால், ஒரு செக்கனில் 1 கிலோமீற்றர் ஓடுகையில் அந்த நேர்கோட்டிலிருந்து சுமார் 1.4 மில்லிமீற்றர் பூமிப்பக்கமாக விழுகிறது. ஒழுக்கு வளைவதும் சரியாக அந்த அளவுதான். அதனால் விழ விழச் சுற்றுகிறது.

இந்தக் கணக்கைப் போட்டவர் நியூற்றன். தரையில் நாம் கைவிடும் கல் முதல் செக்கனில் 4.9 மீற்றர் விழுகிறது. சந்திரன் பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஆரையைப் போல் 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப ஈர்ப்புக் குறைகிறதென்றால் அங்கே அது 3600இல் ஒரு பங்காக வேண்டும். 4.9 மீற்றரை 3600ஆல் பிரித்துப் பாருங்கள். அதே 1.4 மில்லிமீற்றர் வருகிறது. தென்னையிலிருந்து தேங்காய் விழுவதும் பிறை வானில் சுற்றுவதும் ஒரே விதிக்குள் அடங்கின. 1687இல் வெளிவந்த அவருடைய நூலின் மையமான பேறு இதுதான்.

சுற்றுகிற பொருளின் திணிவு அதன் கதியைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. இலங்கையின் முதலாவது ஆய்வுச் செய்மதியான இராவணா 1 ஏறத்தாழ 1 கிலோகிராம் திணிவுள்ள சிறு பெட்டி. ஜப்பானிய பல்கலைக்கழகமொன்றில் நம் பொறியியலாளர் இருவர் உருவாக்கியது. 2019 ஜூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அதை வெளியே விட்டார்கள். நிலையத்தின் திணிவோ 400 தொன்னுக்கும் மேல். ஆனாலும் இரண்டும் தரையிலிருந்து சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில், செக்கனுக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீற்றர் கதியில், கிட்டத்தட்ட ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றின. அந்த உயரத்தில் ஈர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கும் இருக்கிறது. வீரர்கள் மிதப்பது, அவர்களும் அவர்களைச் சுமக்கும் கலமும் ஒன்றாக விழுந்துகொண்டிருப்பதால்தான். அங்கே மெல்லிய காற்றும் கொஞ்சம் உண்டு. அதன் தடையால் இராவணா 1 மெல்ல மெல்லத் தாழ்ந்து 2021இல் எரிந்து முடிந்தது. நிலையம் அவ்வப்போது உந்தப்பட்டுத் தன் உயரத்தைக் காத்துக்கொள்கிறது.

ஒழுக்கின் கதியைத் தீர்மானிப்பது நடுவில் இருப்பதன் திணிவும் தூரமும்தான். வியாழனைச் சுற்றும் அயோ என்ற உபகோளைப் பாருங்கள். 1610இல் கலிலியோ தன் தொலைநோக்கியால் கண்ட நான்கில் ஒன்று. வியாழனிலிருந்து அதன் தூரம் ஏறத்தாழ 422,000 கிலோமீற்றர், நம் சந்திரனின் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் சந்திரன் ஒருமுறை சுற்ற 27.3 நாட்கள் எடுக்க, அயோ 1.8 நாளுக்குள் சுற்றி முடிக்கிறது. வியாழனின் திணிவு பூமியினதைப் போல் 318 மடங்கு. அந்த இழுப்புக்கு வேகமாக ஓடாவிட்டால் அயோ அந்த ஒழுக்கில் நிலைக்க ஏலாது.

இதைத் திருப்பிப் பிடித்தால் தராசில்லாமலே கோளை நிறுக்கலாம். உபகோளின் தூரமும் அது சுற்றும் காலமும் தெரிந்தால், நடுவில் இருப்பதன் திணிவு கணக்கில் வந்துவிடும். 1978இல் புளூட்டோவுக்கு ஓர் உபகோள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகுதான் புளூட்டோ நினைத்ததைவிட எவ்வளவு சிறியது, நம் சந்திரனைவிடவும் திணிவு குறைந்தது என்பது உறுதியானது.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். சிறியதும் பெரியதை இழுக்கிறது. உண்மையில் சந்திரனும் பூமியும் ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றுகின்றன. பூமியின் திணிவு 81 மடங்கு என்பதால் அந்தப் புள்ளி பூமிக்குள்ளேயே கிடக்கிறது. புளூட்டோவும் அதன் உபகோளும் சுற்றும் புள்ளி இரண்டுக்கும் வெளியே. சுற்றுவதன் திணிவைக் கணக்கில் விடலாம் என்பது, அது நடுவில் இருப்பதைவிட மிகச் சிறியதாக இருக்கும் வரைக்கும்தான்.

அல்குர்ஆனில் சூரியனையும் சந்திரனையும் பற்றிய இரண்டு இடங்களில் (21:33, 36:40) ‘ஃபலக்’ என்ற சொல் வருகிறது. நாம் தமிழில் ஒழுக்கு என்பது போன்ற சொல். அதற்குள் நியூற்றனின் சூத்திரத்தைத் தேடுவது என் நோக்கமல்ல. யாசீன் ஓதும் பிள்ளைக்கு அந்தச் சொல்லில் ஒரு கணம் நின்று வானத்தைப் பார்க்கத் தோன்றினால், அதற்கு விடைசொல்லும் மொழி நம்மிடம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

மறுநாள் அந்த மாணவியைக் கூப்பிட்டு, “நான் சொன்னது பிழை புள்ள” என்று ஒப்புக்கொண்டேன். வெட்டப்பட்ட புள்ளி திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் எங்கள் பாடசாலை நூலகத்தில் உள்ள தமிழ்நாட்டு விஞ்ஞான நூல்களின் உட்பக்கத்தில் ஒரு சிறு பட்டியலை அவளும் நானும் எழுதி ஒட்டினோம்: அங்கே நிறை, இங்கே திணிவு. அங்கே எடை, இங்கே நிறை. அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். அங்கே செயற்கைக்கோள், இங்கே செய்மதி. ஒரு பின்னேர வேலைதான். உங்கள் ஊர் நூலகத்திலும் செய்து பாருங்கள்.