மறைநிலை உலாவல்

மனிதன் பிறரோடு கூடி வாழும் இயல்பினன். ஆயினும், தனக்குரிய சில செய்திகளைப் பிறர் அறியாமற் காக்கும் உரிமையும் அவனுக்கு உண்டு. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையே என்று, இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆம் ஆண்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். உரிமையைச் சட்டம் நல்கும். அதனைக் காக்கும் முறையை நாமே கற்றல் வேண்டும்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் இணைய மையங்கள் உள்ளன. பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில், வீட்டிற் கணிப்பொறி இல்லாத மாணவர் அங்குச் சென்று விண்ணப்பிப்பர். ஒருவர் எழுந்ததும் மற்றொருவர் அதே இருக்கையில் அமர்வார். முன்னவர் தம் கணக்கை மூடாது சென்றால், பின்னவர் அதனுள் எளிதில் நுழையலாம், சான்றிதழ்களைக் காணலாம், கல்லூரி விருப்பங்களை மாற்றிவிடவுங் கூடும். பல்லாண்டு உழைப்பின் பயன் ஒரு நொடி மறதியால் கெடலாம் அன்றோ?

இஃது எவ்வாறு நிகழ்கிறது? இணையப் பக்கங்களைக் காட்டும் செயலி உலாவி எனப்படும். நாம் கண்ட பக்கங்களின் வரலாற்றை அது பதிந்து வைக்கும். 'குக்கி' என்னும் சிறு குறிப்புகளையும் சேமிக்கும். வந்திருப்பவர் இன்னார் என இணையத்தளம் மீண்டும் அறிந்துகொள்வது இக்குறிப்புகளாலேயே ஆகும்.

மறைநிலையில் இவை நிலைத்திரா. குரோம் உலாவியில் கண்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் மறைநிலைச் சாளரம் திறக்கும். அத்தகைய சாளரங்கள் அனைத்தையும் மூடியவுடன், வரலாறும் குக்கிகளும் அழிந்துவிடும். இவ்வசதி 2005 இல் சஃபாரி உலாவியிலும், 2008 இல் குரோமிலும், 2009 இல் பயர்பாக்ஸிலும் இடம்பெற்றது.

எனினும், மறைநிலை மாயப் போர்வை அன்று. கரும்பலகையில் எழுதியதைத் துடைத்துவிட்டால், அடுத்த வகுப்பினர் அதனைக் காணார். எழுதும்போதே கண்டவரோ கண்டவரே. அதுபோல, நாம் சென்ற தளமும், இணைய இணைப்பு வழங்கும் நிறுவனமும் நம் வருகையை அறியக்கூடும். இணைய மையங்கள், அங்குப் பார்க்கப்பட்ட தளங்களின் பதிவை ஓராண்டேனும் காத்தல் வேண்டும் என்பது 2011 ஆம் ஆண்டு மைய அரசு வகுத்த விதியாகும். மறைநிலையிலும் தங்கள் செய்திகளைத் திரட்டியதாகக் கூகுள் நிறுவனத்தின்மீது அமெரிக்காவிற் சிலர் 2020 இல் வழக்குத் தொடுத்தனர்; திரட்டிய பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் 2024 இல் உடன்பட்டது.

மேலும், பதிவிறக்கிய கோப்பு மறைநிலையிலும் அழிவதில்லை. அச்சிடுவதற்காக இறக்கிய சான்றிதழ் கணிப்பொறியிலேயே தங்கிவிடும்.

ஆதலின், பொதுக் கணிப்பொறியில் மறைநிலையையே பயன்படுத்துக. பணி முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுக, இறக்கிய கோப்பை நீக்குக, சாளரத்தை மூடுக, அதன் பின்னரே இருக்கையை விட்டு எழுக. கருவி துடைப்பது சிறிதளவே. எஞ்சியதைக் காப்பது நம் விழிப்பே ஆகும்.